முத்திரை வாங்கிய கணினியும் இரவில் தூங்காது

மின்சிக்கன முத்திரை பார்த்துக் கணினி வாங்கினாலே அரசுக்கு மின்சாரம் மிச்சமாகிவிடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி மிச்சமாகும். மீதிப் பாதி, பெட்டியைப் பிரித்த பிறகு கணினிப் பிரிவு என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது.

முத்திரை பார்த்து வாங்கச் சொல்லும் விதிகள் அமெரிக்காவில் வளர்ந்தவை. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992இல் எனர்ஜி ஸ்டார் முத்திரையைத் தொடங்கியது. மறு ஆண்டே கிளின்டன் அரசு, கூட்டாட்சி அலுவலகங்கள் அந்த முத்திரையுள்ள கணினிகளையே வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஈயம், பாதரசம், மறுசுழற்சி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஈபீட் பதிவேடு 2006இல் வந்தது. பெரிய வாடிக்கையாளர் கேட்டால் உற்பத்தியாளர் எல்லாருக்குமே மாற்றித் தருவார் என்பதுதான் கணக்கு. அது நன்றாகவே பலித்தது. ஆனால் முத்திரையைக் கண்ணை மூடி நம்பக் கூடாது. 2010இல் அமெரிக்கத் தணிக்கை அலுவலகம், சோதித்துப் பார்க்க, 20 கற்பனைப் பொருள்களுக்கு எனர்ஜி ஸ்டார் கேட்டு விண்ணப்பித்தது, 15க்குக் கிடைத்துவிட்டது. பெட்ரோலில் ஓடும் அலாரம் கடிகாரமும் அதில் ஒன்று! அதன் பிறகே வெளி ஆய்வகச் சோதனை கட்டாயமானது.

முத்திரைக்கான ஆண்டு மின்செலவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எனர்ஜி ஸ்டாரின் 6ஆம் பதிப்பில், மேசைக் கணினி ஆண்டில் 45% நேரம் அணைந்திருக்கும், 5% தூங்கும் (ஸ்லீப் நிலை), 15% திரை அணைந்து சும்மா இருக்கும், 35% திரை எரிந்தபடி சும்மா இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். இந்த நான்கு நிலைகளிலும் ஒரு கணினி முறையே 1, 2, 25, 30 வாட் இழுத்தால், ஆண்டின் 8,760 மணி நேரத்துக்குச் சுமார் 130 யூனிட் ஆகும். அதே கணினி அணையாமல் தூங்காமல், அந்த நேரத்திலும் திரை மட்டும் அணைந்து ஆண்டு முழுக்க விழித்திருந்தால் சுமார் 234 யூனிட். முத்திரை மாறவில்லை, செலவு மட்டும் கிட்டத்தட்ட 80% கூடிவிட்டது.

ஏன் விழித்திருக்கிறது? 30 நிமிடத்தில் தூங்கும் அமைப்போடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அலுவலகம் தன்னுடைய டிஸ்க் இமேஜை (இயங்குதளமும் மென்பொருள்களும் அமைப்புகளும் அடங்கிய தயார் நகலை) ஏற்றும்போது அது அழிந்துபோகிறது. அல்லது, இரவில் அப்டேட் போட வேண்டும், எல்லாம் விழித்தே இருக்கட்டும் என்று வேண்டுமென்றே நிறுத்திவிடுகிறார்கள்.

அதற்கு அவசியமே இல்லை, தூங்கும் கணினியை நெட்வொர்க் வழியாகவே எழுப்பலாம். தூங்கும் கணினியில் ராம் நினைவகத்துக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் மட்டும் துளி மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பிராசசர், இயங்குதளம், ஐபி முகவரி எதுவும் அப்போது வேலையில் இல்லை. கார்டு, கம்பியில் வரும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரே ஒரு கோலத்தைத் தேடும்: 255 என்ற எண் ஆறு பைட், அதையடுத்துத் தன்னுடைய மேக் முகவரி (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய அடையாள எண்) இடைவிடாமல் 16 முறை. மேக் முகவரி 6 பைட் என்பதால் மொத்தம் 102 பைட். தற்செயலாக இப்படியொரு வரிசை அமையவே அமையாது என்று சொல்லலாம். ஒப்பிட்டுப் பார்க்க மென்பொருள் வேண்டாம், சின்ன மின்சுற்று போதும். பொருந்தியதும் கார்டு மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை கொடுக்கும், கணினி எழுந்துகொள்ளும். உறங்குபவனின் காதில் அவன் பெயரைப் பதினாறு முறை சொல்லி எழுப்புவதுதான். இதற்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர். இத்தனை எளிமையான பொறியியல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

சிக்கல்கள் வேறு இடத்தில் வரும். தூங்கும் கணினி 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பதில் சொல்லும் என்று நம்ப முடியாது. அதனால் பாக்கெட்டை சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) முழுவதற்கும் பிராட்காஸ்டாக, அதாவது எல்லாருக்கும் பொதுவாக, அனுப்ப வேண்டும். ரவுட்டர்கள் பொதுவாக பிராட்காஸ்டை அடுத்த சப்நெட்டுக்கு விடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு சப்நெட்டிலும் விழித்திருக்கும் ஒரு கணினி அதை அனுப்பும்படி செய்ய வேண்டும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) 'டீப் ஸ்லீப்' அல்லது 'ஈஆர்பி' என்று ஓர் அமைப்பு இருக்கலாம். அதை இயக்கினால் மின்சாரம் இன்னும் குறையும், ஆனால் கார்டுக்குப் போகும் துளியும் நின்றுவிடக்கூடும். பிறகு எந்தப் பாக்கெட்டும் எழுப்பாது. வைஃபையில் இந்த வித்தையை நம்பி இறங்கக் கூடாது.

பவர் சப்ளையையும் கவனிக்க வேண்டும். அதன் திறனுக்குத் தரப்படும் அடிப்படை 80 பிளஸ் சான்று 20%, 50%, 100% சுமையில்தான் சோதிக்கிறது. 30 வாட் இழுக்கும் கணினிக்கு 500 வாட் சப்ளை வைத்தால் அது 6% சுமையில் ஓடும். அங்கே அதன் திறன் என்ன என்று சான்று ஒன்றும் சொல்லாது.

டெண்டரில் முத்திரையின் பெயரோடு ஏற்புச் சோதனையையும் எழுதுங்கள். மாதிரிக் கணினியில் அலுவலகத்தின் சொந்த இமேஜை ஏற்றி, வாட் மீட்டரில் செருகி, 30 நிமிடம் தொடாமல் விடவும். மீட்டர் ஓரிரு வாட்டுக்கு இறங்க வேண்டும். பிறகு அடுத்த சப்நெட்டிலிருந்து எழுப்பவும். எழுந்தால் ஓர் அப்டேட் போட்டு, வேலை முடிந்ததும் தானாகத் திரும்பத் தூங்குகிறதா என்று பார்க்கவும். பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியைத்தான் யாரும் சோதிப்பதில்லை.