பெர்மிஷன்: அனுமதியா, உரிமையா, இசைவா?

தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு அலுவலகங்களில் 'பர்மிஷன்' என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது. மணல் லாரிக்காரருக்கு அதுவே 'பர்மிட்', வண்டியில் வைத்திருக்க வேண்டிய தாள். லினக்ஸ் (விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளம்) கணினியில் ஒரு கோப்பைச் சேமிக்கப் போய் 'பெர்மிஷன் டினைட்' என்று வந்து நின்றால், நமக்கு இந்தப் பொருள்கள்தான் மனதில் ஓடுகின்றன. மேலே யாரோ இருக்கிறார், அவரைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ போய் ஒரு தாள் வாங்க வேண்டும். லினக்ஸ் உட்பட, யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த கணினிகளில் கேட்பதற்கு அப்படி யாரும் இல்லை. ஒவ்வொரு கோப்போடும் ஒரு சிறு குறிப்பு பதிவாகியிருக்கிறது: இது யாருடையது, யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம். இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைப் பார்க்கும், விடும் அல்லது விடாது. அவ்வளவுதான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பெர்' என்றால் ஊடாக, 'மித்தெரே' என்றால் விடு, அனுப்பு. இரண்டும் சேர்ந்து 'ஊடே போக விடு' என்றாகிறது. வேரை மட்டும் பார்த்தால் இதற்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் 'விடை'. அதுவும் 'விடு' என்பதிலிருந்து பிறந்ததுதான். விடை கொடுத்தான், விடை பெற்றேன் என்பதில் இன்னும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. ஆனால் மெனுவில் 'கோப்பு விடைகள்' என்று போட்டால் பத்தாம் வகுப்பு வினாத்தாள்தான் ஞாபகம் வரும். ஊர்ப் பெரியவர்கள் கிளம்பும்போது சொல்லும் 'உத்தரவு வாங்கிக்கிறேன்' என்பதும் அழகான பழக்கம்தான். கணினியில் உத்தரவு என்றால் கட்டளை என்று ஆகிவிடும். ஆக அதுவும் உதவாது.

இன்று திரையில் பரவலாக இருப்பது 'அனுமதி'. வடசொல், ஆனாலும் எல்லோருக்கும் புரிகிறது. தனித்தமிழில் எழுதுவோர் 'இசைவு' என்கிறார்கள். இசைதல் என்றால் உடன்படுதல். இரண்டில் எதை வைத்தாலும் எனக்குச் சண்டை இல்லை. சண்டை மூன்றாவது சொல்லோடுதான்: 'உரிமை'.

தமிழில் வரும் லினக்ஸ் பாடங்கள் பலவற்றில் பெர்மிஷன் 'உரிமை' ஆகிறது, ஓனர் 'உரிமையாளர்' ஆகிறார். விளைவு, 'கோப்பின் உரிமையை மாற்றுங்கள்' என்று படிப்பவருக்கு சிஎச்மாட் கட்டளை போடுவதா, சிஎச்ஓன் கட்டளை போடுவதா என்று தெரியாது. முதலாவது யார் என்ன செய்யலாம் என்பதை மாற்றுவது. இரண்டாவது கோப்பு யாருடையது என்பதையே மாற்றுவது. டெல்டாக்காரருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைந்த ஊர் இது. பட்டா ஒரு பெயரில் இருக்கும், அடங்கலில் சாகுபடி இன்னொரு பெயரில் இருக்கும். குத்தகைதாரரின் சாகுபடி உரிமையைத் தனியே பதிவு செய்வதற்கென்றே 1969இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதே 1969இல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார்கள் என்பது தற்செயல்.

யுனிக்ஸின் முதல் கையேடு 1971இல் வந்தபோதே சிஎச்மாட் அதில் இருந்தது. அப்போது உடையவர், மற்றவர் என்று இரண்டே வகை; குழு என்ற நடு வகை பிறகு சேர்ந்தது. கவனித்தால், அந்தக் கட்டளையின் பெயரில் பெர்மிஷன் என்ற சொல்லே இல்லை. 'சேஞ்ச் மோட்' என்பதன் சுருக்கம் அது. மோட் என்பது லத்தீன் 'மோதுஸ்', அளவு அல்லது முறை. கோப்பை எந்த முறையில் கையாளலாம் என்பதற்கான குறி என்று கொண்டால் 'முறைமை' என்று சொல்லலாம்.

ஓனருக்கு நான் பரிந்துரைப்பது 'உடையவர்'. இது புதிதாகச் செய்த சொல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இறைவனின் பெயரே 'ஸ்ரீராஜராஜீஸ்வரம் உடையார்' என்றுதான் வருகிறது. உடையவர் என்றதும் வைணவர்களுக்கு ராமானுஜர் நினைவுக்கு வருவார்; வந்தால் வரட்டும். உடைமை ஒரு பக்கம், அனுமதி ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் சிக்கலில் பாதி அவிழ்ந்துவிடும். ஏனென்றால் மேசைக்கணினியில் 'பெர்மிஷன் பிராப்ளம்' என்று வருவதில் பெரும்பாலானவை உடைமைச் சிக்கல்கள்தான்.

கும்பகோணத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது:

"அண்ணே, பத்திரிகை ஃபைல் திறக்குது, சேவ் ஆக மாட்டேங்குது. ரீட் ஒன்லின்னு மேல காட்டுது."

"முதல்ல எப்படித் திறந்தீங்க?"

"லிப்ரேஆஃபீஸ் ஏதோ மக்கர் பண்ணுச்சு. ஒரு வீடியோவுல பாத்து சூடோ போட்டுத் திறந்தேண்ணே. புதுசா அடிச்சு சேவ் பண்ணேன்."

கோப்பு இருந்த அடைவில், அதாவது ஃபோல்டரில், கோப்புகளின் விவரம் காட்டும் 'எல்எஸ் -எல்' கட்டளையைப் போடச் சொன்னேன். வரியின் தொடக்கத்தில் ஆர்டபிள்யூ, ஆர், ஆர்: ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம்; முதலில் உடையவருக்கு, பிறகு குழுவுக்கு, பிறகு பிறருக்கு. அடுத்து உடையவர் பெயரும் குழுவின் பெயரும்: ரூட், ரூட். ரூட் என்பது கணினியின் முழு அதிகாரமும் உள்ள பயனர். கதை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. சூடோ என்பது ஒன்றை ரூட்டின் பெயரில் இயக்கும் கட்டளை; அதைப் போட்டுத் திறந்ததால் லிப்ரேஆஃபீஸ் மென்பொருள் ரூட்டாக ஓடியது. ரூட்டாகச் சேமித்த புதுக் கோப்பு ரூட்டுக்கே சொந்தமானது. உடையவர் எழுதலாம், மற்றவர் படிக்கலாம் என்பது வழக்கமான அமைப்பு, எண்ணில் 644. தம்பி இப்போது 'மற்றவர்'. திறக்கிறது, சேமிக்கவில்லை. அனுமதிக் குறி சரியாகத்தான் இருக்கிறது, பட்டாதான் தப்பான பெயரில் இருக்கிறது. சூடோவோடு சிஎச்ஓன், அவருடைய பயனர் பெயர், கோப்பின் பெயர்: முடிந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் பழைய பதிப்பாக இருந்தால் கோப்போடு நிற்காது. சூடோ போட்டாலும் வீட்டு அடைவு (பயனரின் சொந்த அடைவு) மாறாததால் '.கான்ஃபிக்' அடைவுக்குள் இருக்கும் லிப்ரேஆஃபீஸ் அமைப்புகளும் ரூட் பெயருக்குப் போய், மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் மென்பொருளே எழும்பாது. 19.10 பதிப்பில்தான் அது மாறியது. வரைகலை மென்பொருளை எந்தக் காரணத்துக்காகவும் சூடோ போட்டுத் திறக்கக் கூடாது என்பேன்.

எண்களின் கணக்கு எளிது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் உடையவர், குழு, பிறர் என்று மூன்று இலக்கம். கடைசி ஒன்றில்தான் மொழிபெயர்ப்பு வழுக்குகிறது. ஒரு நிரலுக்கு 'இயக்கு' என்பது பொருந்தும்; இறக்கிய ஆப்இமேஜ் கோப்பை (நிறுவாமலே ஓடும் மென்பொருள்)ச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காததற்கு இந்தக் குறி இல்லாததே பெரும்பாலும் காரணம். ஆனால் அடைவுக்கு வரும்போது அதே குறிக்கு 'உள்ளே நுழைய' என்று பொருள். அடைவை எப்படி இயக்குவது? அங்கே 'நுழைவு' என்றே எழுத வேண்டும். படிக்கும் அனுமதி மட்டும் இருந்து நுழைவு இல்லையென்றால் உள்ளே இருப்பவற்றின் பெயர் தெரியும், தொட முடியாது. எழுதும் அனுமதியும் நுழைவும் அடைவில் இருந்தால் உள்ளே கோப்பை உருவாக்கலாம், அழிக்கலாம். அழிப்பது கோப்பின் குறியைப் பொறுத்ததில்லை, அது இருக்கும் அடைவின் குறியைப் பொறுத்தது. அதனால்தான், ஆவணம் திறந்திருக்கிறது என்று காட்ட லிப்ரேஆஃபீஸ் ரூட் பெயரில் வைத்து விட்டுப்போன பூட்டுக் கோப்பை, அதில் எழுத முடியாத அதே தம்பியால் தன் அடைவிலிருந்து அழிக்க முடிந்தது.

கோப்பின் குறி சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால் மேலே உள்ள அடைவுகளில் ஒன்று நுழைவைத் தடுத்திருக்கும். 'நேம்ஐ -எல்' என்று போட்டு முழுப் பாதையையும் கொடுத்தால் ஒவ்வொரு படியின் உடையவரும் குறியும் வரிசையாக வரும். உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் வீட்டு அடைவு 750, அதாவது பிறருக்கு நுழைவே இல்லை. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஒரே கணினியில் வேலை செய்யும் கடைகளில் ஒருவர் கோப்பு மற்றவருக்குத் தெரியாமல் போவது இதனால்தான். இருவரையும் ஒரு குழுவில் சேர்த்து, பொது அடைவை அந்தக் குழுவுக்குக் கொடுத்து 2770 (முன்னால் நிற்கும் 2 இதற்கான சிறப்புக் குறி) போட்டால் அதில் பிறக்கும் கோப்பெல்லாம் குழுவின் பெயரிலேயே பிறக்கும். குழுவில் சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். பலர் இங்கேதான் 'வேலை செய்யலையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

777, அதாவது எல்லோருக்கும் எல்லாம், போட்டுவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் சாவிக் கோப்புக்கு 777 போட்டால் 'அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது' என்று அந்த மென்பொருளே சாவியை ஏற்க மறுக்கும். ஆவேசத்தில் கணினி முழுவதற்கும் 777 போட்டால் சூடோ மீதுள்ள சிறப்புக் குறி அழிந்து, சூடோவே வேலை செய்யாது. டென்னிஸ் ரிட்சி 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1979இல் பெற்ற குறி அது. நிரலை யார் தொடங்கினாலும் நிரலின் உடையவர் பெயரில் ஓட வைப்பது.

பிழைச்செய்தியின் தமிழையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று வேறு செய்திகள் உண்டு. 'பெர்மிஷன் டினைட்' பிழை எண் 13. குறி இடம் கொடுக்கவில்லை என்று பொருள். 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' பிழை எண் 1. அந்தச் செயலையே செய்ய உங்களுக்குத் தகுதி இல்லை, அடுத்தவர் கோப்பின் குறியை மாற்றப் போவது போல. தமிழில் முதலாவதை 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றும் அடுத்ததை 'செயலுக்கு அனுமதி இல்லை' என்றும் போட்டால் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவதற்கு 'குறி இடம் தரவில்லை', இரண்டாவதற்கு 'இச்செயல் உங்களால் ஆகாது' என்று எழுதினால் எங்கே தேடுவது என்றாவது தெரியும். மூன்றாவது 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்', எண் 30. விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் நிறுவிய மடிக்கணினிகளில் இது அடிக்கடி வரும். விண்டோஸை முழுதாக அணைக்காமல், வேகத் தொடக்க வசதியோடு மூடினால், லினக்ஸ் விண்டோஸ் இருக்கும் வட்டுப் பிரிவைப் படிக்க மட்டுமே ஏற்றும் (மவுண்ட்). இங்கே சிஎச்மாட் போட்டுப் பயனில்லை. விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு அணைக்க வேண்டும். பென்டிரைவும் அப்படித்தான்: ஃபேட் வகை வட்டில் உடையவர் என்ற பதிவே கிடையாது, ஏற்றும்போது கொடுத்த பெயரே எல்லாக் கோப்புக்கும்.

மென்பொருளைத் தனி வேலிக்குள் வைத்து நிறுவும் ஸ்னாப், ஃபிளாட்பேக் ஆகிய முறைகள் வந்த பிறகு பெர்மிஷன் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் சேர்ந்திருக்கிறது. உடையவரும் குறியும் சரியாக இருந்தும், ஸ்னாப் வழி நிறுவிய லிப்ரேஆஃபீஸ் பென்டிரைவில் இருக்கும் பத்திரிகையைத் திறக்க மாட்டேன் எனலாம். மென்பொருளையே வேலிக்குள் வைத்திருப்பதால் 'ரிமூவபிள் மீடியா' என்ற இணைப்பைத் தனியே கொடுக்க வேண்டும். இங்கே பயனருக்கும் கோப்புக்கும் இடையே தகராறு இல்லை. மென்பொருள் கேட்கிறது, கணினி வைத்திருப்பவர் தருகிறார் அல்லது மறுக்கிறார். 'அனுமதி' என்ற சொல் இந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அமைப்புகள் திரையில் இதற்கு அதையே வைத்துக்கொண்டு, கோப்பின் பண்புகள் பெட்டியில் 'உடையவர்', 'முறைமை' என்று போடலாம்.