ஃபிரிட்ஜில் பெருகும் கிருமி

சித்திரை வெயிலில் மதுரையில் இட்லி மாவு அரைத்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி வெளியே வைத்த மாவு, விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழிந்து கிடக்கும். அதே மாவு ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் சோம்பிப்போகின்றன, அவ்வளவுதான். இதைப் பார்த்துப் பழகியே, ஃபிரிட்ஜுக்குள் போனது எதுவும் கெடாது என்று நம்பிவிட்டோம்.

யெர்சினியா எண்டிரோகோலிட்டிகா என்ற பாக்டீரியாவிடம் அந்த நம்பிக்கை செல்லாது. 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் அது மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். பன்றியின் தொண்டையிலும் குடலிலும் சாதாரணமாக வாழ்வது. சரியாக வேகாத பன்றிக்கறி, காய்ச்சாத பால், அசுத்தமான தண்ணீர் வழியாக மனிதருக்கு வரும். 1990களில் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் விருந்து சாப்பிட்டவர்களுக்கு இதனால் வயிற்றுப்போக்கு வந்தபோது, சந்தேகம் மோர் மீது விழுந்தது.

பிளேக்கை உண்டாக்கும் யெர்சினியா பெஸ்டிஸ் இதன் உறவுக்காரன்தான். 1894இல் ஹாங்காங்கில் அதைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் யெர்சினின் பெயர்தான் இந்தக் குடும்பத்துக்கே வைக்கப்பட்டது. பெஸ்டிஸ் எலித் தெள்ளில் ஏறி வரும். நம்முடையது சாப்பாட்டில் வரும்.

வயிற்றுக்குள் போனதும் முதல் தடை அமிலம். கிருமியிடம் இருக்கும் யூரியேஸ் நொதி, யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. அப்புறம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் திட்டுகள் உண்டு. குடலில் என்ன வருகிறது என்று வேவு பார்க்க, வந்ததில் கொஞ்சத்தை எடுத்து உள்ளே கொடுப்பது அங்குள்ள எம் செல்களின் வேலை. கிருமி அந்த வழியிலேயே நுழைந்துவிடுகிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியாகத் திருடன் ஊருக்குள் வந்த கதை.

விழுங்க வரும் வெள்ளையணுவைத் தொட்டதும், கிருமி ஊசி போன்ற ஓர் உறுப்பால் தன் புரதங்களை அதற்குள் செலுத்துகிறது. வெள்ளையணு கை நீட்டிப் பிடிக்க உதவும் உள் இழைகள் குலைந்துபோகின்றன. எதிரி எதிரே நிற்கிறான், விழுங்க முடியவில்லை.

பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். சிறு குழந்தைகளுக்கு மலத்தில் ரத்தமும் வரலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம்தான் குழப்பம்: குடலை ஒட்டிய நிணநீர்க் கட்டிகள் வீங்கி, வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் வலிக்கும். அப்பெண்டிக்ஸ் என்று வயிற்றைத் திறந்து பார்த்தால் அது நன்றாகவே இருந்த கதைகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. பலருக்கு மருந்தில்லாமலே சரியாகிவிடும். சிலருக்குச் சில வாரம் கழித்து மூட்டு வலி வரும்.

சூடு இதற்கு ஆகாது. ஜிகர்தண்டாவுக்குச் சுண்டக் காய்ச்சும் பாலில் இது பிழைக்காது. காய்ச்சிய பாலில் அப்புறம் எந்தக் கரண்டி விழுகிறது என்பதுதான் கேள்வி.

ரத்த வங்கியின் ஃபிரிட்ஜும் இதற்குத் தோதான இடம். இரும்புச்சத்து என்றால் இதற்கு உயிர். சிவப்பணுப் பையில் அதற்குப் பஞ்சமில்லை. அறிகுறியே இல்லாத ஒருவர் கொடுத்த ரத்தத்தில் கொஞ்சம் கிருமி இருந்தாலும் போதும், வாரக்கணக்கில் குளிரில் இருக்கும் பையில் பெருகிவிடும். எப்போதோ ஒருமுறைதான் நடக்கும்; நடந்தால் உயிருக்கே ஆபத்து. பையின் நிறம் வழக்கத்தைவிடக் கறுத்திருந்தால் ஏற்றாமல் ஒதுக்கிவைப்பது இதற்காகவும்தான்.