சரிவே இல்லாத வாய்க்கால்

பவானி அணைக்கட்டில் காலிங்கராயன் வாய்க்காலுக்குத் திறந்துவிட்ட தண்ணீர், யாரும் தள்ளாமலே கொடுமுடிப் பக்கம் வந்து சேர்கிறது. சரிவுதான் அதை இழுக்கிறது. வாய்க்கால் பாம்புபோல் வளைவதும் சரிவை அளவாக வைத்துக்கொள்ளத்தான். சரிவு கூடினால் கரை அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும். 200 கி.மீ. ஓடும் கீழ்பவானி வாய்க்காலுக்கும் இதே கணக்குதான்.

மரக்காணத்திலிருந்து ஆந்திராவின் பெத்தகஞ்சம் வரை கடலோரமாகவே 420 கி.மீ. போகும் பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தச் சரிவு கிடையாது. படகுக்கு வேண்டியதும் சரிவில்லாத தண்ணீர்தான். ஓட்டம் இல்லாத தண்ணீரில் போவதும் வருவதும் ஒன்று. கழி ஊன்றியும், பாய் விரித்தும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் உப்பையும் விறகையும் கொண்டுபோனார்கள். 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய வேலை அது. கொங்கு நாட்டையும் வாட்டியெடுத்த தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78), நிவாரணக் கூலி வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து 8 கி.மீ. வெட்டினார்கள். பசித்த கைகள் வெட்டிய கால்வாய்க்கு, அப்போதைய கவர்னரின் பெயரை வைத்தார்கள்.

ஆறு குறுக்கே வரும் இடங்கள்தான் சிக்கல். வெள்ளம் வந்தால் மணலும் சேறும் கால்வாய்க்குள் புகுந்துவிடும். அதற்காக இரு கரையிலும் லாக் கட்டினார்கள். முன்னும் பின்னும் கதவு வைத்த நீள்தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, சிறு மதகு வழியே தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ வெளி மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு முன்கதவைத் திறப்பார்கள். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் ஆறு உள்ளே பாயும்.

தண்ணீர் கிடைப்பது பெரும்பாலும் கடல் ஓதத்தால், அதாவது தினமும் கடல் மட்டம் ஏறி இறங்குவதால், ஆற்று முகத்துவாரங்கள் வழியே. கோடையில் ஆறு வற்றியதும் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். உள்ளே மட்டம் இறங்கும், படகு தரை தட்டும். சரிவுள்ள வாய்க்கால் தன் வண்டலில் ஒரு பங்கையாவது தானே தள்ளிக்கொண்டு போகும். இங்கே ஒவ்வொரு கூடைச் சேற்றையும் ஆள்தான் அள்ள வேண்டும். ரயிலும் லாரியும் சரக்கை வாங்கிக்கொண்டதும் தூர்வாருவதில் அக்கறை போயிற்று. 1965-66 புயல்கள் கரைகளை உடைத்தன.

சென்னைக்குள் சாக்கடையும் சேர்ந்தது. காலிங்கராயனில் கலக்கும் சாயக் கழிவு ஓடிப்போய்க் கீழே இருக்கும் வயலைக் கெடுக்கிறது. இங்கே கழிவு நின்ற இடத்திலேயே அழுகுகிறது. கடல் தண்ணீரில் சல்பேட் என்ற கந்தக உப்பு அதிகம். ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா அதை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். அதுவே இரும்போடு சேர்ந்து சேற்றைக் கருப்பாக்குகிறது. போதாக்குறைக்குப் பறக்கும் ரயிலின் தூண்களையும் கால்வாய்க்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். அது பெரும் தவறு. வழி குறுகிவிட்டது, தூணடியில் சேறு தங்குகிறது.

2008-ல் இதைத் தேசிய நீர்வழி 4-ன் பகுதியாக அறிவித்தார்கள். வேலையை முகத்துவாரத்தில்தான் தொடங்க வேண்டும். ஓதம் உள்ளே வர வழியில்லாமல் எவ்வளவு ஆழம் தோண்டினாலும், அந்தப் பள்ளத்தில் சாக்கடைதான் நிரம்பும்.