கிளி 'வேண்டாம்' என்றால் கை விலகட்டும்

கடையில் கூட்டத்தோடு வளர்ந்த காக்டீல் என்ற கொண்டைக் கிளி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால், கூண்டின் கடைசி மூலைக்குப் போய் உடலை ஒல்லியாக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். கொண்டை குச்சி போல நிமிர்ந்திருக்கும். 'சாதுவான பறவை, சத்தமே இல்லை' என்று வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். அது சாதுவாக இல்லை, பயத்தில் உறைந்து நிற்கிறது.

80 முதல் 100 கிராம் வரை எடையுள்ள இந்தச் சிறு கிளியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கே வல்லூறுகளுக்கு இது இரை. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், தலைக்கு நேர் பின்னால் உள்ள சிறு பகுதியைத் தவிர எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் தெரியும். மேலிருந்து இறங்கும் கையும், நேருக்கு நேர் உற்றுப் பார்க்கும் இரண்டு கண்களும், சட்டென்ற அசைவும் அதன் மூளைக்கு வேட்டைப் பறவையாகவே படும். உடனே அட்ரினலின் சுரக்கும், தொடர்ந்து கார்ட்டிகோஸ்டீரோன் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். அந்த நேரத்தில் உணவில் நாட்டம் போய்விடும். நமக்குப் பயன்படும் செய்தி இதுதான்: நீங்கள் நிற்கும் தூரத்தில் பறவை தின்றால், அந்தத் தூரத்தை அது தாங்குகிறது. தின்பதை நிறுத்தினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள்.

(பச்சைக்கிளிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். தெருமுனையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.)

முதல் மூன்று நான்கு நாள் பழக்கும் முயற்சியே வேண்டாம். கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும், முதுகுப்புறம் பாதுகாப்பு என்று தெரிந்தால் பறவை சீக்கிரம் தேறும். உட்காரும் கட்டை உங்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தால் போதும். கூண்டைத் தரையில் வைத்தால் மனிதர்கள் எல்லோரும் மேலிருந்தே வருவார்கள். சமையலறை கூடவே கூடாது: ஒட்டாத பூச்சுள்ள தவா காய்ந்து அதிகச் சூடேறினால் வரும் புகை சில நிமிடங்களிலேயே கிளியைக் கொன்றுவிடும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை. டிவி ஓடும் கூடத்தில் இது நடக்காது.

பிறகு நெருங்கும் வேலை. தின்னக்கூட பயப்படும் பறவைக்கு உணவைக் காட்டிப் பயனில்லை. அதற்கு நீங்கள் தரக்கூடிய பெரிய பரிசு, விலகிப் போவதுதான். கூண்டை நோக்கிப் பக்கவாட்டில் மெதுவாக நடந்து வாருங்கள். உடல் லேசாக விறைக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். கொண்டை தணியும், அல்லது இறகைக் கோதும், அல்லது ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும். அது நிகழ்ந்த அதே நொடியில் இரண்டடி பின்வாங்குங்கள். சில சுற்றுகளில் பறவைக்கு ஒன்று புரிகிறது: பதறினால் அல்ல, அமைதியாக இருந்தால்தான் இந்த ஆள் போகிறார். தூரம் தானாகக் குறையத் தொடங்கும். இதில் பலரும் தவறுவது நேரத்தில்தான். பறவை படபடத்துக்கொண்டிருக்கும்போது விலகினால், படபடப்பதையே நீங்கள் பயிற்றுவிக்கிறீர்கள். படபடக்கும் அளவுக்கு நெருங்கியதே பிழை. அடுத்த முறை இன்னும் முன்னதாக நிற்க வேண்டும்.

கூண்டருகே நின்றாலும் தின்கிறது என்ற நிலை வந்தபின் தினைக் கதிர் கைக்கு வரட்டும். தினைப்புனத்தில் வள்ளி எதைக் காக்கக் கிளியை விரட்டினாளோ, அதே கதிர்தான். அதைத் தட்டிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள், உங்கள் கையில் மட்டுமே கிடைக்கட்டும். மற்ற உணவைக் குறைக்கக் கூடாது. இவ்வளவு சிறிய பறவை பட்டினியைத் தாங்காது, பசியில் வரும் பறவை பயம் தெளிந்து வந்ததாகவும் ஆகாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, காலையில் தின்னும் முன் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

முதலில் கம்பிக்கு வெளியே நீண்ட கதிரின் நுனி. நாளாக ஆக விரலுக்கு அருகே. பிறகு திறந்த கதவின் வழியே. பறவை முன்னே சாய்ந்து கொத்த வேண்டுமே தவிர, நீங்கள் அதன் வாயருகே கொண்டுபோகக் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். அது சலித்துப்போகும் முன் நீங்கள் எழுந்துவிடுங்கள்.

விரலில் ஏற்றும்போது ஆள்காட்டி விரலைக் கால்களுக்குச் சற்று மேலே, அடிவயிற்றருகே கிடையாக வையுங்கள். கிளி உடனே அலகால் விரலைப் பிடிக்கும். இது கடி அல்ல. கிளிகளுக்கு அலகு மூன்றாவது கால், கிளை தாங்குமா என்று அதைக் கொண்டுதான் சோதிக்கின்றன. இங்கே பயந்து விரலை இழுத்தால், 'இந்தக் கிளை ஆடும்' என்று முடிவுகட்டிவிடும். பிறகு ஏறாது.

உண்மையான கடிக்கு முன் ஒரு வரிசை உண்டு. முதலில் பறவை பின்னால் சாயும். கொண்டை தலையோடு ஒட்டிப் படியும். சீறும். அலகைத் திறக்கும். இவை எதற்கும் கை விலகாவிட்டால்தான் கடிக்கும். கடித்ததும் கை பறந்துவிடுகிறது. ஆக, சொன்னதெல்லாம் பலிக்காமல் கடி மட்டும் பலித்தால், அடுத்த முறை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நேரே கடிதான். 'திடீரென்று கடிக்கிறது' என்று சொல்லப்படும் கிளிகள் பெரும்பாலும் இப்படி உருவானவையே. பின்னால் சாயும்போதே கையை எடுத்தால் இழப்பு ஒன்றுமில்லை, வேண்டாம் என்று சொல்லும் வழி தனக்கு இருக்கிறது என்று பறவை தெரிந்துகொள்கிறது. கடித்துவிட்டால் கத்தாமல், முகத்தில் ஊதாமல், கையை உதறாமல் மெதுவாக இறக்கிவிடுங்கள்.

துண்டைப் போட்டுப் பிடித்து, திமிறல் அடங்கும்வரை கையில் வைத்திருந்தால் பழகிவிடும் என்று ஒரு பழைய யோசனை உண்டு. அடங்கிவிடும்தான், தப்பிக்க முடியாது என்று கைவிட்ட பறவையும் அப்படித்தான் அடங்கும். சிறகை வெட்டுவதிலும் இதே சிக்கல்: பறந்து விலக வழியில்லாத பறவைக்கு மிச்சமிருப்பது அலகு. வெட்டாத பறவையைத் திறந்துவிடும் முன் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கண்ணாடிகளைத் துணியால் மூடுங்கள். நம் வீடுகளில் ஓடும் விசிறிக்கு இரையான காக்டீல்கள் ஏராளம்.

தடவிக்கொடுப்பது கடைசியில்தான், அதுவும் தலையிலும் கழுத்திலும் மட்டும். தலையைக் குனிந்து பிடரி இறகைச் சிலிர்த்துக் காட்டினால் அனுமதி. முதுகிலும் வாலடியிலும் தடவினால் இனப்பெருக்க உணர்வு தூண்டப்படும். துணையில்லாத பெட்டை முட்டையிட ஆரம்பிக்கும், சேவல் கூண்டைக் காக்கச் சண்டைக்கு வரும்.

இறகு உதிரும் பருவத்தில் நன்றாகப் பழகிய பறவையும் தொடவிடாது. முளைக்கும் குருத்துகள் வலிக்கும், சில வாரம் விட்டுவிடுங்கள். நள்ளிரவில் நிழலுக்கோ ஒலிக்கோ மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்வது காக்டீல்களிடம் சாதாரணம், சிறு இரவு விளக்கு பெரும்பாலும் போதும். ஒரு மாற்றத்தை மட்டும் கொண்டாடிவிடாதீர்கள்: நேற்றுவரை நெருங்கவிடாத பறவை இன்று இறகைப் புடைத்துக்கொண்டு, கூண்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து, கையில் எடுத்தாலும் பேசாமல் இருந்தால் அது பழகவில்லை. கிளிகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.