கண்ணாடியைச் செதுக்கும் காந்தக் குழம்பு

கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்ற விறைப்பான கருவி வேண்டும் என்றுதான் நினைப்போம். ஆனால் மிகத் துல்லியமான லென்ஸ்கள் பலவற்றுக்குக் கடைசி மெருகைத் தருவது இரும்புத்தூள் கலந்த ஒரு குழம்பு.

பழைய முறையில் தார்போல் இளகும் கீலில் ஓர் அச்சு வார்த்து, அதை லென்ஸின் மேல் வைத்துத் தேய்ப்பார்கள். நியூட்டனே தன் தொலைநோக்கி ஆடியைக் கீல் கொண்டுதான் மெருகேற்றினார். கோளத்தின் துண்டுபோல எங்கும் ஒரே வளைவுள்ள லென்ஸுக்கு அது அருமையாகப் பொருந்தும். நடுவில் ஒரு வளைவு, ஓரத்தில் வேறு வளைவு என்றால் சிக்கல்தான். அச்சைச் சற்று நகர்த்தினாலே பொருத்தம் போய்விடும். வேலை நடக்க நடக்க அச்சின் வடிவமும் மாறிக்கொண்டே போகும்.

காந்தத்தில் இறுகும் திரவத்தை 1940களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாக்கியவர் ஜேக்கப் ராபினோ. அவர் அதைப் பயன்படுத்த நினைத்தது கிளட்சுக்கு. அதை மெருகேற்றும் கருவியாக மாற்றியது பெலாரஸின் மின்ஸ்க் நகரில் வில்லியம் கோர்டோன்ஸ்கியும் அவருடைய சகாக்களும். அந்த வேலை பிறகு அமெரிக்காவின் ரோச்செஸ்டருக்குப் போய், 1996-இல் கியூஇடி என்ற நிறுவனமாக வளர்ந்தது.

குழம்பில் இருப்பவை தண்ணீர், சில மைக்ரோமீட்டர் அளவுள்ள இரும்புத் துகள்கள், தேய்ப்பதற்குச் சீரியம் ஆக்சைடு அல்லது வைரத்தூள். சுழலும் சக்கரத்தின் மேல் இதைப் பட்டையாகப் பாய்ச்சுவார்கள். சக்கரத்தின் உச்சியை ஒட்டி மின்காந்தம். பட்டை அங்கே வந்ததும் இரும்புத் துகள்கள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, சில மில்லிவினாடிகளில் குழம்பு களிமண்போல் இறுகிவிடும். காந்தம் இரும்பைக் கீழே இழுக்கிறது. காந்தத்துக்கு மசியாத தேய்ப்புத் துகள்கள் மேலே ஒதுங்குகின்றன. மேலேதானே கண்ணாடி இருக்கிறது! எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வேண்டிய பொருள் வேண்டிய பக்கத்துக்குத் தானாகவே போய்விடுகிறது.

லென்ஸை அந்தப் பட்டையில் லேசாகத் தோய்த்துப் பிடித்தால், தொடும் இடத்தில் மட்டும் கண்ணாடி தேயும். காந்தத்தைத் தாண்டியதும் குழம்பு மறுபடி இளகும். அதை உறிஞ்சியெடுத்து, குளிரவைத்து, ஆவியான தண்ணீரை ஈடுகட்டித் திரும்ப அனுப்புவார்கள். ஆகவே கருவி தேய்ந்துபோவது என்ற பேச்சே இல்லை.

சரி, எங்கே எவ்வளவு தேய்ப்பது? ஒளி அலைகளைக் கொண்டு அளக்கும் குறுக்கீட்டுமானி, லென்ஸின் மேடுபள்ளங்களை நானோமீட்டர் கணக்கில் வரைபடமாகத் தரும். ஓரிடத்தில் வினாடிக்கு எவ்வளவு தேயும் என்பதை முன்பே சோதித்து வைத்திருப்பார்கள். மேட்டில் அதிக நேரம், பள்ளத்தில் குறைந்த நேரம் எனக் கணினி லென்ஸை நகர்த்திக்கொண்டே போகும். குழம்பு கண்ணாடியை அழுத்துவதைவிட வழித்துச் செல்வதே அதிகம். அதனால் மேற்பரப்புக்கு அடியில் புதிய விரிசல்கள் விழுவதில்லை. முந்தைய சாணை விட்டுப்போன விரிசல்களையும் வழித்து எடுத்துவிடலாம்.

கலிபோர்னியாவில் 192 லேசர் கற்றைகளைக் கொண்டு அணுக்கரு இணைவை ஆராயும் தேசியப் பற்றவைப்பு நிலையத்தில் இதே குழம்புக்கு நேர்மாறான வேலை. கற்றையின் ஒளி இலக்கில் விழவேண்டிய வடிவத்தைக் கணக்கிட்டு, வழவழப்பான கண்ணாடித் தட்டுகளில் மென்மையான மேடுபள்ளங்களை வேண்டுமென்றே செதுக்குகிறார்கள்.