‘முறையல்ல’ என்று ஆச்சி சொன்னபோது

தாத்தா இறந்த ஆறாம் நாள் காலையில் தம்பி சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போய்விட்டான். பதினாறு இன்னும் கழியவில்லை. அம்பாசமுத்திரத்து வீட்டுத் திண்ணையில் இருந்த ஆச்சி ஒரே சொல்தான் சொன்னாள்: “முறையல்ல.” “வெறும் பழக்கம்தானே ஆச்சி” என்றான் அவன். அடுத்த பத்து நாளும் இருவரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முறை என்பது பாரம் சுமக்கும் சொல். தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத் திறப்பார்கள். அங்கே அது வரிசை. மாமன் மகள் முறைப்பெண், அங்கே உறவு. கலெக்டரிடம் போய் முறையிடுகிறோம், அங்கே நியாயம். ஆச்சி எந்த முறையைச் சொன்னாள்?

பழக்கத்தையும் அறத்தையும் சிறு குழந்தைகளே பிரித்தறிகிறார்கள் என்றார் அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியல். டீச்சர் அனுமதித்தால் பள்ளி விதியை மீறலாமா? மீறலாம். டீச்சர் அனுமதித்தால் அடுத்தவனை அடிக்கலாமா? அப்போதும் கூடாது. ஒன்று ஊர் வைத்த விதி, மற்றது யார் சொன்னாலும் மாறாதது.

இந்தக் கோடு எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் விழவில்லை. மானுடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வெடரும் உடன் ஆய்வாளர்களும் புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் கேட்டுப் பார்த்து 1987-இல் வெளியிட்டார்கள். தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான், தவறா? சிகாகோக்காரர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. புவனேஸ்வரத்தில் அது மிகக் கொடிய தவறுகளில் ஒன்று.

டூரியல் தரப்பின் பதில்தான் எனக்குப் பிடித்தது. இறந்தவரின் ஆன்மா அருகிலேயே இருக்கிறது என்று நம்புகிறவருக்கு, அந்தச் செயல் ஒருவரைக் காயப்படுத்துவது. காயப்படுத்தக் கூடாது என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காயப்பட அங்கே ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் வேறுபாடு.

எங்கள் வீட்டுச் சண்டையும் அப்படித்தான். தாத்தாவை நோகடிக்கலாம் என்று தம்பி சொல்லவேயில்லை. பதினாறு வரை தாத்தா வீட்டில்தான் இருக்கிறார் என்பது ஆச்சியின் கணக்கு. அவனுக்கு அவர் ஆற்றங்கரையோடு முடிந்தார். உண்மை என்ற சொல்லே ‘உள்’ என்ற வேரிலிருந்து வந்தது. உண்மை என்றால் இருத்தல், அதன் எதிர்ச்சொல் இன்மை. அறத்தைப் பற்றியது என்று எண்ணி உண்மையைப் பற்றிப் பத்து நாள் சண்டையிட்டிருக்கிறார்கள்.

எல்லாச் சண்டையும் இப்படி அவிழ்ந்துவிடாது. பிசானப் பயிருக்குத் தண்ணீர் தட்டும்போது, “முதலில் எங்களுக்கு, பாட்டன் காலத்து முறை” என்பார் தலைமடைக்காரர். “கருகுகிற பயிருக்குப் பங்கு கொடுப்பதே முறை” என்பார் கடைமடைக்காரர். கால்வாயில் எத்தனை கன அடி ஓடுகிறது என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. ‘இருக்கிறது’ என்று பேசிக்கொண்டே வருகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ‘வேண்டும்’ என்பதற்குத் தாவிவிடுகிறார்கள் என்று 1740-இலேயே கவனித்தவர் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம். அந்தத் தாவலை எந்த அளவுகோலும் அளக்காது. 1936-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஏ. ஜே. அயர் இன்னும் ஒரு படி போய், அறக் கூற்றுகள் வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என்றார். அவர் கணக்கில் ஆச்சியின் ‘முறையல்ல’ ஒரு ‘சீச்சீ’. இதை ஆச்சியிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பேசுகிறவர் எதை எந்த வகையில் வைக்கிறார் என்று அறிய எளிய கேள்வி ஒன்று உண்டு. உளவியலாளர்கள் ஜெஃப்ரி குட்வின், ஜான் டார்லி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் அதைக் கையாண்டார்கள்: இருவர் மாறுபட்டால், ஒருவராவது தவறாகத்தான் இருக்க வேண்டுமா? ருசி விஷயத்தில் பெரும்பாலோர் வேண்டியதில்லை என்றார்கள். அற விஷயத்தில் பதில் கேள்விக்குக் கேள்வி மாறியது. சிலவற்றை உலக உண்மைகளுக்கு அருகிலேயே வைத்தார்கள்.

பதினாறு கழிந்து ஆச்சியிடம் கேட்டேன். சொதிக்கு இஞ்சிப் பச்சடி வேண்டுமா வேண்டாமா என்பதில்? “அவரவர் நாக்கு.” தம்பி சவரம் செய்துகொண்டதில்? “ஒருவர் தப்புதான். யார் என்று உனக்கே தெரியும்.”

தலைமடை, கடைமடை? எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. ஆச்சி பிறந்த வீட்டு வயல் தலைமடையில். வெற்றிலையை மடித்துக்கொண்டே வெகுநேரம் இருந்துவிட்டு, “இந்த வருஷம் மழை எப்படியாம்?” என்று கேட்டாள்.