பழைய காரைப் புதுப்பிக்கிறீர்களா? டிங்கரிங்குக்கு முன்னால் ஆர்சி புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

தாத்தாவின் அம்பாசடரோ அப்பாவின் பியட்டோ வீட்டு ஷெட்டில் கிடக்கும். கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் கிடைத்ததும் அதைப் பிரித்துப் போட்டுப் புதிதாக்கிவிடலாம் என்று இறங்குவார்கள். வேலையெல்லாம் முடிந்து பெயிண்ட் காய்ந்த பிறகுதான் ஆர்டிஓ ஆபீஸ் ஞாபகம் வரும். அங்கே போய் நின்றால், இந்த வண்டியைச் சாலையில் எடுக்கவே முடியாது என்று சொல்லி அனுப்புவார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு இப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் 81ஜி வரை சேர்க்கப்பட்டன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் படிவம் 20-இல் விண்ணப்பிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. அவ்வளவுதான். இனி மாட்டிக்கொள்ளும் இடங்களைப் பார்ப்போம்.

முதல் பொறி, 50 ஆண்டுக் கணக்கு. வண்டி எந்த வருட மாடல் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முதன்முதலில் பதிவான தேதிதான் கணக்கு. தொழிற்சாலையிலிருந்து ஒரு வருடம் வெளிவந்து, அடுத்த வருடம் பதிவான வண்டிகள் உண்டு. அந்த ஒரு வருடத்துக்காக விண்ணப்பம் திரும்பிவிடும். இதைவிட மோசமானது வேறு மாநிலத்திலிருந்து வந்த வண்டிகளின் கதை. அப்பா வேலை மாற்றலாகி வந்தபோது இங்கே புது நம்பர் வாங்கியிருப்பார். ஆர்சியில் பளிச்சென்று தெரிவது அந்தப் புது நம்பர் கொடுத்த தேதியாக இருக்கும். ‘உங்கள் வண்டிக்கு இன்னும் வயதாகவில்லை’ என்று கிளார்க் சொல்லிவிடுவார். பழைய மாநிலத்துப் பதிவு விவரம் உள்ள பக்கம், பழைய வரி ரசீது, அன்று வாங்கிய தடையின்மைச் சான்று (என்ஓசி) என்று எது கிடைத்தாலும் தூக்கி எறியாதீர்கள். முதல் பதிவுத் தேதிக்கு அவைதான் சாட்சி.

பிரீமியர் பத்மினி என்ற பெயரே 1974-இல்தான் வந்தது. ஆகவே பத்மினிகளில் மிகப் பழையவை மட்டும்தான் இந்த வரம்பைத் தொட்டிருக்கின்றன. 1983 டிசம்பரில் முதல் சாவி கொடுக்கப்பட்ட மாருதி 800-க்கு 2033 கடைசி வரை இந்தப் பேச்சே கிடையாது. ‘மாருதிக்கும் விண்டேஜ் நம்பர் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் காசைக் கையில் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது பொறிதான் பெரியது. அதில் விழுகிறவர்கள் பலரும் கட்டணத்தைப் பார்த்தே விழுகிறார்கள். 2025 ஆகஸ்டில் பழைய வண்டிகளின் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், அதுவே இறக்குமதிக் கார் என்றால் 80,000 ரூபாய். புதுப்பித்தால் 5 ஆண்டுதான் கிடைக்கும். பக்கத்தில் விண்டேஜ் பதிவைப் பாருங்கள்: மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு. பார்த்ததும் யாருக்கும் கை அந்தப் பக்கம்தான் போகும்.

ஆனால் விண்டேஜ் என்று பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, அவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பராமரிப்புக்குக் கொண்டுபோவது ஆகியவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். வாடகைக்கோ தொழிலுக்கோ விடக் கூடாது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டு ரிப்பேர் செலவை எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதும் இந்தப் பட்டியலில் இல்லை. அப்படிப் போகும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எடுத்துக் காட்டப்போவதும் இதைத்தான்.

என் கருத்து வெளிப்படையாகவே இதுதான்: ஓட்டுவதற்காக வண்டியைப் புதுப்பிக்கிறவர்களுக்குச் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி. மோட்டார் வாகனச் சட்டம் 41-ஆம் பிரிவு 15 ஆண்டுக்குப் பிறகும் வண்டி தகுதியாக இருந்தால் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க இடம் தருகிறது. படிவம் 25, ஆய்வு, கட்டணம், அவ்வளவே. டெல்லி வட்டாரத்துக்கு நீதிமன்றங்கள் போட்ட வயதுத் தடையைக் காட்டி, ‘15 வருஷம் ஆச்சு, இனி சட்டப்படி காயலான் கடைக்குத்தான்’ என்று தமிழ்நாட்டில் உள்ள வயதானவர்களைப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நன்றாக ஓடக்கூடிய கார்கள் அப்படிப் போயிருக்கின்றன. பதிவை ரத்து செய்யும் எந்தத் தாளிலும் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆர்சி காலாவதியாகிப் பல ஆண்டு ஆன வண்டி என்றால் ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், பதிவைப் புதுப்பிக்கத் தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய், பைக்குக்கு 300 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. அதற்கு மேல் வரி பாக்கி, பசுமை வரி. வாய்க்கணக்காக ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு வண்டியைப் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். ஷெட்டில் தூங்கும் காருக்கு மாதாமாதம் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, வண்டியின் அசல் தன்மை. விண்டேஜ் பதிவுக்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி ஷெல் (வெளிக்கூடு), எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. நம் ஊர் பழைய கார்கள் அடிபடுவது எஞ்சினில்தான். பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனையோ அம்பாசடர்களிலும் பியட்களிலும் டீசல் எஞ்சினை இறக்கினார்கள். பின்னால் வந்த இசுசு பெட்ரோல் எஞ்சினைப் பழைய அம்பாசடர் மார்க் 2-இல் வைத்தவர்களும் உண்டு. வண்டி அருமையாக ஓடும், ஆனால் விண்டேஜ் கதவு மூடிவிட்டது. ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குத் தெரியும். அவருடைய மார்க் 2-இல் அசல் 1489 சிசி எஞ்சின் நன்றாகவே இருந்தது. ‘இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது சார்’ என்று சொல்லி மெக்கானிக் அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார். ஆர்சியில் இருக்கும் எஞ்சின் நம்பருக்கு இன்று உலகத்தில் எஞ்சினே இல்லை. விண்டேஜ் மட்டும் போகவில்லை, சாதாரணப் புதுப்பித்தலும் சிக்கிக்கொண்டது. எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு ஆர்சியில் ஏற்ற வேண்டும் என்பது 52-ஆம் பிரிவு. அதை அந்த மெக்கானிக் அவரிடம் சொல்லவே இல்லை.

எனவே எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், நம்பர் அடித்த பிளாக் அதேதான் திரும்பி வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். துருப்பிடித்த தரையை வெட்டி அதே வடிவத் தகடு வைப்பதும், கூரையை வெட்டி ஓப்பன் கார் ஆக்குவதும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். ஆனால் ஆய்வுக்கு வரும் குழு வேலை முடிந்த வண்டியைத்தான் பார்க்கும். பிரிப்பதற்கு முன், பிரித்த பின், வெல்டிங்கின்போது என்று ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகக் கவலை தருவது சேஸிஸ் நம்பர். ஆய்வில் அந்த நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பார்கள். எழுத்து முழுதாக விழவில்லை என்றால் அன்றைக்கு வேலை அங்கேயே நின்றுவிடும். டிங்கரிங் பையனுக்கு அந்த இடம் துருப்பிடித்த இன்னொரு தகடுதான். கிரைண்டரைக் கொண்டுவந்து இரண்டு நிமிடத்தில் வழித்துவிடுவான். போன நம்பரை நாமே திரும்ப அடிக்கவும் கூடாது, அது திருட்டு வண்டி என்ற சந்தேகத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே வண்டியில் கை வைப்பதற்கு முன்னால், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்த இடத்தை மெதுவாகத் துடைத்து, நீங்களே ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்சியில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய ஆர்சிகளில் கையால் எழுதும்போதே 3-உம் 8-உம் மாறிப்போனது உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். அப்புறம் அந்த இடத்துக்கு டேப் ஒட்டி, ‘இங்கே கை வைக்காதே’ என்று எழுதியே வையுங்கள்.

இனி காகிதங்கள். வண்டி இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? உரிமையாளர் இறந்துவிட்டால் படிவம் 31-இல் பெயர் மாற்ற வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். அத்தை, சித்தப்பா எல்லோரும் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வண்டி பளபளவென்று ஆன பிறகு கேட்டால் பங்கு கேட்கத் தோன்றும். வெளியாளிடம் வாங்கியது என்றால், கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 மட்டும் கைமாறிக் கைமாறி வந்திருக்கும். ஆர்சியில் பெயர் உள்ளவர் யாரென்றே தெரியாத வண்டியை விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

ஆர்சியில் பழைய கடன் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் எப்போதோ அடைந்திருக்கும், குறிப்பை நீக்கியிருக்க மாட்டார்கள். நீக்குவதற்குப் படிவம் 35-இல் கடன் கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும். அந்த வங்கி இன்னொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த வங்கியின் கிளையில் கேட்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், வண்டி வேலையோடு சேர்த்தே இதையும் தொடங்குங்கள்.

பழைய மூன்றெழுத்து நம்பர்கள் பலவும் கணினியில் ஏறாமலே இருக்கின்றன. இணையதளத்தில் தட்டினால் ‘விவரம் இல்லை’ என்று வரும். அதற்காக வண்டியே இல்லை என்று ஆகிவிடாது. பதிவான அலுவலகத்தின் பழைய பேரேட்டைப் பார்த்து ‘பேக்லாக்’ (விடுபட்ட பழைய பதிவு) பதிவாக ஏற்றித் தர வேண்டியது அவர்கள் வேலை. ‘ரெக்கார்டு இல்லை’ என்று வாயால் சொன்னால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பேரேடு கிடைத்த சம்பவங்கள் உண்டு.

இந்த இடத்தில்தான் புரோக்கர் உள்ளே வருவார். ‘20,000 கட்டினால் பேப்பரே இல்லாத வண்டிக்கும் விண்டேஜ் நம்பர்’ என்பார். பொய். இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்சியை விதி கேட்கிறது, இறக்குமதிக்குச் சுங்கத் தாளைக் கேட்கிறது. ஆர்சி தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, படிவம் 26-இல் நகல் வாங்குவதுதான் வழி. ‘விண்டேஜ் ஆக்கினால் பழைய நம்பர் போய்விடும்’ என்பதும் பொய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ‘வி ஏ’ என்ற எழுத்துகள் கொண்ட புது வரிசை, புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு.

இன்சூரன்ஸில் ஒரு சுற்று அலைச்சல் காத்திருக்கிறது. விண்ணப்பத்துக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்பார் ஆர்டிஓ. ஆர்சி உயிரோடு இருந்தால்தான் இன்சூரன்ஸ் என்பார் ஏஜென்ட். இணையத்தில் முயன்று நேரத்தை வீணாக்காமல், பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனக் கிளைக்கு நேரில் போய் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். சட்டம் கட்டாயமாகக் கேட்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். இன்னொன்று: பதிவு காலாவதியான வண்டியை ஆய்வுக்காகக்கூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுபோவது செலவுதான், ஆனால் வழியில் ஒருவர் மேல் மோதினால் வரும் இழப்பீட்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

விண்டேஜ் பதிவுக்கே போவது என்று முடிவெடுத்தவர்களுக்கு: மாநிலத்தில் இதற்கென ஒரு பொறுப்பு அதிகாரியும் ஆய்வுக் குழுவும் இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளூர் அலுவலகத்தில் கேட்டால் ‘அப்படி எதுவும் வரலையே’ என்பார்கள். விதி வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பதில்தான். விதி எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். அதன் பின் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்து, கட்டண ரசீதின் தேதியிலிருந்து 60 நாள் எண்ணுங்கள்.

61-ஆம் நாள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். மூன்று கேள்வி போதும்: என் விண்ணப்பம் இப்போது யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது; விண்டேஜ் பதிவுக்கான பொறுப்பு அதிகாரியின் பதவியும் அலுவலக முகவரியும் என்ன; ஆய்வுக் குழு கடைசியாகக் கூடிய தேதி எது. ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்கு அவகாசம் இன்னொரு 30 நாள்தான்.